அயர்னிங் டேபிளில் மாதா

1. தங்கமணியின் போன்

"ஏனுங்க்கா, ஒரு சாமி படத்தை அயர்ன் பண்ணிப்போட்டாங்க. கொஞ்சம் வந்து பார்க்க முடியுங்களா?"

காலை டிபன் நேரத்தில் தங்கமணி போனில் கேட்டது இதுதான். திருப்பூர் ராயபுரத்தில் பனியன் யூனிட் வைத்திருக்கிறவர், என் தம்பியோடு படித்தவர். டி-ஷர்ட்டில் போட்ட சாமி பிரிண்ட் சூட்டில் உருகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, அதற்குப் பிரிண்டிங்காரரைக் கூப்பிடாமல் என்னை எதற்குக் கூப்பிடுகிறாய் என்று எரிந்து விழுந்தேன். பிரிண்ட் இல்லை, பெயிண்டிங் என்றார். பழசா என்றேன். ரொம்பப் பழசு, கேன்வாஸ் துணியில் வரைந்தது என்றார். எந்த அயர்ன் என்று கேட்டேன்.

"நம்ம ஸ்டீம் அயர்ன்தானுங்க. வேக்கம் டேபிள்ல வெச்சு."

இட்லியை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அருங்காட்சியக லேப் ஒன்றில் பழைய ஓவியங்களைச் சரிசெய்யும் வேலையில் இருந்து ஓய்வு பெற்று, சொந்த ஊரான அவிநாசிக்குத் திரும்பி வந்தவள். அப்பா நிட்டிங் மிஷின் ஓட்டியவர். பனியன் துணியின் குணம் எனக்கு ஓவியத்துக்கு முன்பே பழக்கம். கரையான் தின்ற படம், வெள்ளத்தில் ஊறிய படம், பளபளப்பு வரட்டும் என்று பக்தியோடு தேங்காய் எண்ணெய் தேய்த்த படம் எல்லாம் பார்த்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொன்றுக்கும் அதிர்ச்சி அடைவேன். போகப் போக மரத்துப்போனது. இனி ஒன்றும் என்னை ஆட்டாது என்று கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அந்தத் தலைக்கனத்தோடுதான் பஸ் ஏறினேன்.

2. முகம் இல்லை

வேக்கம் டேபிள் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அயர்னிங் மாஸ்டர் சட்டையை அதன் மேல் விரித்துக் காலால் பெடலை மிதிப்பார். டேபிள் காற்றைக் கீழே உறிஞ்சும். துணி நகராமல் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். மேலே ஸ்டீம் அடித்தால் ஈரம் உடனே கீழே இறங்கிவிடும், சுருக்கம் இருந்த இடம் தெரியாது. நாள் முழுக்க ஆயிரக்கணக்கான டி-ஷர்ட்டுகள் இப்படித்தான் பெட்டிக்குள் போகின்றன.

அந்த டேபிளின் மேல் ஒரு மாதா படம் கிடந்தது. மூன்றடி உயரம். நீல அங்கி, இடது கையில் குழந்தை, பின்னால் கடல், கடலில் ஒரு வள்ளம். நம் பக்கத்துக் கைதான் வரைந்திருக்கிறது, வள்ளத்தின் கட்டுமானத்திலேயே அது தெரிந்தது. அங்கியின் மேல் அயர்ன் பாக்ஸின் முனை பதிந்து பளபளத்தது. மாதாவுக்கு முகம் இல்லை.

கிழியவும் இல்லை, கருகவும் இல்லை. முக்காடு அப்படியே இருந்தது, கழுத்து இருந்தது, நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு மட்டும் இருந்தது. குழந்தையின் நெற்றியிலும் பாதி காணவில்லை. இப்படி முகத்தை மட்டும் யாரோ எடுத்துக்கொண்டு போனது போன்ற சேதத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "எந்தப் பாவி செஞ்ச வேலை இது?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

டேபிளுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ஆள், "நான்தான் மேடம் அந்தப் பாவி" என்றார்.

அவர் பெயர் சவரிமுத்து. தங்கமணியின் யூனிட்டில் அயர்னிங் மாஸ்டர். தெற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து கல்யாணம் ஆன கையோடு திருப்பூர் வந்தவர். அவர் சொன்ன கதை சுருக்கமாக இது. ஊரில் கோயில் கூரை மழையில் ஒழுகி இந்தப் படத்தின் சட்டம் உளுத்துவிட்டது. லீவுக்குப் போயிருந்த சவரிமுத்து, திருப்பூரில் நல்ல சட்டம் போட்டுத் திருவிழாக் கொடியேற்றத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கிறேன் என்று கோயில் கமிட்டியிடம் வாக்குக் கொடுத்துப் படத்தைச் சுருட்டி வாங்கிவந்தார். பஸ்ஸில் யாரோ அதன் மேல் மூட்டையை வைத்துவிட்டார்கள். வீட்டில் பிரித்தபோது நெடுக மடிப்பு.

"மடிப்பைப் பார்த்தா என் கை சும்மா இருக்காது மேடம். அம்மை மூஞ்சில மடிப்போட எப்படி ஃப்ரேம் போட? நேரா சூடு படக்கூடாதுன்னு மேல வெள்ளை சிங்கிள் ஜெர்சி பீஸு போட்டுத்தான் அடிச்சேன். துணியைத் தூக்குதேன், முகம் துணியோட வந்துட்டு."

சிங்கிள் ஜெர்சி என்பது மெல்லிய பனியன் துணி. அவர் சொல்லச் சொல்ல எனக்கு நடந்தது புரிந்தது. பழைய எண்ணெய் வண்ணப் படத்தின் மேல் வார்னிஷ் இருக்கும். அது ஸ்டீம் சூட்டில் இளகிப் பசையாகித் துணியைப் பிடித்துக்கொண்டது. மழையில் நனைந்து ஏற்கெனவே பிடிப்பு விட்டிருந்த இடத்தில் வண்ணம் பெயர்ந்து துணியோடு போய்விட்டது. மடிப்புகள் மட்டும், வயிற்றெரிச்சலாக, சுத்தமாகப் போயிருந்தன.

அன்றிலிருந்து சவரிமுத்து அயர்ன் பாக்ஸைத் தொடவில்லை என்று தங்கமணி தனியாக என்னிடம் சொன்னார். கை நடுங்குகிறதாம். பேக்கிங்கில் உட்கார்ந்து டி-ஷர்ட் மடித்துக் கொடுக்கிறாராம். கமிட்டிக்காரர்கள் அடுத்த வாரம் படத்தை எடுத்துப்போக வருகிறார்கள். அவர்களிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் கேட்ட ஒரே கேள்வி, அந்தத் துணி எங்கே என்பதுதான். கட்டிங் வேஸ்ட் மூட்டையில் போயிருக்கும் என்றார் தங்கமணி. வேஸ்ட் மூட்டை குடோனுக்குப் போய், அங்கிருந்து மிஷினில் பஞ்சாகிவிடும். சவரிமுத்து இல்லை என்று தலையை ஆட்டினார்.

"வேஸ்ட்டுக்குப் போவல மேடம். எங்க வீட்டுல இருக்கு. அதை நான் வாயால சொல்ல மாட்டேன், நீங்களே வந்து பாருங்க."

3. துணியில் இருந்தது

ஒரே வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் அவருடையது கடைசி. வாசலில் செருப்புக் குவியல். உள்ளே பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஒரு பிளைவுட் பலகை, அதன் மேல் அந்த வெள்ளைத் துணியை நாலு பக்கமும் இழுத்துக் குண்டூசி அடித்திருந்தார்கள். அதற்கு ஒரு முல்லைப்பூச் சரம். அது பக்கத்து வீட்டு முருக பக்தை போட்டது என்று பிறகு தெரிந்தது. அடியில், துணிக்கு ஒரு சாண் தூரத்தில், மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

துணியில் ஒரு முகம் இருந்தது. வெளிறிய முகம், இடம் வலம் மாறிய முகம். வண்ணத்தின் மேல்பக்கம் துணியில் ஒட்டியிருந்ததால் எங்களுக்குத் தெரிந்தது அதன் அடிப்பக்கம். ஓவியர் முதலில் இட்ட சதை நிறம், புருவத்துக்கு இழுத்த முதல் கோடு, கண் வர வேண்டிய இடத்தில் இரண்டு மங்கலான நிழல். வரைந்தவரைத் தவிர வேறு யார் கண்ணிலும் பட்டிருக்க முடியாத முகம் அது. நான் பெரிய பக்தை கிடையாது. ஆனாலும் ஏன் அந்தப் பெண்கள் அதன் முன்னால் மண்டியிட்டார்கள் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான் முதலில் செய்த காரியம் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தது. அறையில் அத்தனை வாயும் நின்றுபோயின. வார்னிஷ் இளகி முகம் வழிந்துவிடும் என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து எனக்கும் துணிக்கும் நடுவில் வந்து நின்றாள். சவரிமுத்துவின் மனைவி ஸ்டெல்லா. அதே யூனிட்டில் செக்கிங்கில் இருப்பவள், தைத்து வந்த துணியில் ஓட்டை, கறை, விட்ட தையல் கண்டுபிடிப்பது அவள் வேலை.

இதைக் கொடுத்தால் படத்தில் முகத்தைத் திரும்ப வைக்கப் பார்க்கலாம் என்று சொன்னேன். தர மாட்டேன் என்றாள். இது மாதா இந்தப் பிழைக்க வந்த சனத்துக்குத் தானாகக் கொடுத்த முகம், மனிதர்கள் கைவைக்கக் கூடாது என்றாள். பின்னால் இருந்த பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் வார்னிஷ், சூடு, ஈரம் என்று பாடம் எடுக்க ஆரம்பித்தேன். எனக்குக் கோபம் வந்தால் பாடம் எடுப்பேன். ஸ்டெல்லா கடைசிவரை கேட்டுவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"நீங்க சொல்லுதது எனக்கு விளங்காம இல்ல மேடம். இது சுவத்துல இருக்கிற வரைக்கும் எங்க வீட்டுக்காரரு கையால மாதா வந்தா. நீங்க கொண்டு போயிட்டியன்னா, அவரு மாதாவைக் கெடுத்த ஆளு. ஊர்ல எங்க பிள்ளையளுக்கும் அந்தப் பேருதான். எதைத் தரச் சொல்லுதிய?"

இத்தனை வருட வேலையில் சேதத்தை மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அடுத்தவர் மேல் பழியைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். புருஷனைக் காப்பாற்ற ஓர் அற்புதத்தையே பிடித்துக்கொண்டு நின்றவளை அன்றுதான் பார்த்தேன். அவளும் அதை முழுசாக நம்பவில்லை என்பதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

வாசலில் நின்ற சவரிமுத்து உள்ளே வந்தார். சத்தம் போடவில்லை. "ஏட்டி, இங்க எனக்கு மெழுகுதிரி கொளுத்துதாவ, அங்க அம்மை முகம் இல்லாம கிடக்கா. என்னால ரெண்டையும் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது" என்றார். பிறகு பலகையைச் சுவரிலிருந்து கழற்றினார். ஸ்டெல்லா தடுக்கவில்லை. ஒதுங்கிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பலகையை மட்டமாகப் பிடியுங்கள், ஆட்டாதீர்கள் என்று கத்திக்கொண்டே நான் அவர் பின்னால் ஓடினேன்.

4. சும்மா கிடக்கவிட்டது

யூனிட்டில் வைத்து அளந்து பார்த்தபோது அடுத்த அதிர்ச்சி. படத்தில் இருந்த வெற்றிடத்தைவிடத் துணியில் இருந்த முகம் அகலம். பனியன் துணி இழுத்த பக்கம் போகும். குண்டூசி அடித்து இழுத்ததில் துணி விரிந்து, அதில் ஒட்டியிருந்த வண்ணச் செதில்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருந்தன. அப்படியே வைத்தால் மாதாவுக்கு வீங்கிய முகம்தான் வரும்.

இந்த ஊரில் துணி ரோலைப் பிரித்த உடனே யாரும் வெட்ட மாட்டார்கள். விரித்துச் சும்மா போட்டுவைப்பார்கள். இழுபட்ட துணி தன் அளவுக்குத் தானாக வந்து சேரும். ரிலாக்ஸ் பண்ணுவது என்று பேர். நான் செய்ததும் அதுதான். குண்டூசிகளை எதிரெதிர்ப் பக்கமாக ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, துணியை ஒரு பாலிதீன் தாளின் மேல் கிடத்தி, தங்கமணியின் ஆபீஸ் ரூமில் வைத்துப் பூட்டச் சொன்னேன். மறுநாள் காலை போனபோது தங்கமணி கதவுக்கு வெளியே ஒரு ஊதுபத்தி ஏற்றிவைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "உள்ள சாமி இருக்குதுல்லங்க்கா" என்றார். துணி முக்கால்வாசி தன் அளவுக்கு வந்திருந்தது. மீதியை நான் ஈர ஆவி காட்டி நிதானமாகக் கொண்டுவந்தேன்.

படத்தை என் பழைய லேபுக்குக் கொண்டுபோக முடியாது. வண்டி குலுங்கினால் மிச்சமும் உதிரும். அங்கே இதற்கென்று ஒரு சக்‌ஷன் டேபிள் உண்டு, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. கேன்வாஸை அதன் மேல் வைத்து மெல்லிய தாளால் மூடி, காற்றைக் கீழே உறிஞ்சவிட்டு, ஒரே சீரான அழுத்தத்தில் வண்ணத்தை ஒட்டவைப்போம். அதை நினைத்து ஏங்கிக்கொண்டே நின்றவள், என் முழங்கை எதில் ஊன்றியிருக்கிறது என்று பார்த்தேன். முகத்தைப் பிடுங்கிய அதே டேபிள். ஸ்டீமை மூடிவிட்டால் இதுவும் அதுவும் செய்கிற வேலை ஒன்றுதான். வண்ணம் உதிரும் படத்தில் நாங்களே முன்பக்கம் மெல்லிய தாள் ஒட்டிப் பிடித்துவைப்போம், அதற்கு ஃபேஸிங் என்று பெயர். சவரிமுத்து போட்ட ஜெர்சி பீஸும் தெரியாமல் நடந்த ஒரு ஃபேஸிங்தான். அப்படியென்றால் நடந்ததையே தலைகீழாக நடத்தி முகத்தைப் படத்துக்குத் திருப்பலாம்.

அப்படி நடத்தலாம் என்று நினைப்பது வேறு, துணியைக் கையில் எடுப்பது வேறு. முகம் கீழ்நோக்கி, அந்த வெற்றிடத்தின் விளிம்போடு விளிம்பு சேர, ஒரே தடவையில் வைக்க வேண்டும். பசை தடவிய பிறகு நகர்த்த முடியாது. துணியை இரண்டு கையிலும் பிடித்துச் சுருக்கம் இல்லாமல் இறக்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது. சவரிமுத்துவைக் கூப்பிட்டேன். மாட்டேன் மேடம், என் கையைக் கேக்காதிய என்றார். நான் படத்தில் மீன் பசையைத் தடவ ஆரம்பித்துவிட்டேன். காய்வதற்குள் முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்றேன். அது கொஞ்சம் அராஜகம்தான்.

அவர் கையைக் கழுவி வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். துணியின் மேல்முனைகளைப் பிடித்தார், முக்காட்டின் ஓரத்தைப் பார்த்தார், வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தார். துணி இறங்கியது. மேலே பேக்கிங் பாலிதீனைப் போட்டு மூடி, பெடலை மிதியுங்கள் என்றேன். மோட்டார் இரைந்தது. பாலிதீன் படத்தோடு இறுகிப் படிந்தது. சவரிமுத்து பெடலிலிருந்து காலை எடுக்கவே இல்லை. ஒரு செங்கல்லை வைத்துவிட்டு உட்காருங்கள் என்று தங்கமணி எத்தனையோ தடவை சொன்னார். பரவாயில்ல முதலாளி என்று சொல்லிவிட்டு நின்றபடியே நின்றார்.

5. செக்கிங்

பசை நன்றாகக் காய்ந்த பிறகு துணியை விடுவிக்கும் வேலை. பஞ்சில் கரைப்பானைத் தொட்டு, வார்னிஷை மட்டும் இளக்கி, துணியை ஓர் ஓரத்திலிருந்து நூல் நூலாக உரிக்க வேண்டும். அன்று அயர்னிங் செக்‌ஷனில் ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். தங்கமணி, சவரிமுத்து, நான். மதியச் சாப்பாட்டு பெல் அடித்தபோது ஸ்டெல்லா வந்து கொஞ்ச தூரத்தில் நின்றாள். அன்றைக்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

நெற்றி வந்தது. படத்திலேயே நின்றது. புருவம், மூக்கு, கன்னம். கன்னத்தில் ஒரு கீற்று நொறுங்கிப்போயிருந்தது, அதையும் அங்கியில் பதிந்த அயர்ன் தடத்தையும் நான் பிறகு வண்ணம் வைத்துச் சமன் செய்தேன். குழந்தையின் நெற்றியும் வந்து சேர்ந்தது. துணி முழுக்கக் கழன்றபோது சவரிமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதார், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. எனக்கும் கண் நிறைந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

ஆனால் முகம் சரியில்லை. எல்லாம் இருந்தது, அளவு சரி, பொருத்தம் சரி, ஆனால் பார்வை இல்லை. மாதா எங்கேயும் பார்க்கவில்லை. பழசாகிவிட்டது, சூடு பட்டுவிட்டது, இவ்வளவு மீண்டதே அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தங்கமணி, போதுமுங்க்கா என்றார்.

வெறும் துணி டேபிளின் ஓரத்தில் கிடந்தது. ஸ்டெல்லா வந்து அதை எடுத்துக்கொண்டாள். கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அதில் இனி எண்ணெய்க் கறை மட்டும்தான், வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளட்டும், அவ்வளவாவது மிச்சம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் துணியை மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதைப் பிரித்துச் செக்கிங் டேபிளுக்குக் கொண்டுபோய் டியூப் லைட்டுக்கு அடியில் விரித்தாள். இரண்டு உள்ளங்கைகளாலும் தடவிக்கொண்டே மேலிருந்து கீழே வந்தாள். பழக்கதோஷம் என்றுதான் நினைத்தேன்.

"மேடம், இங்கன வாங்க."

நான் போனேன். அவள் விரலை வைத்திருந்த இடத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. லென்ஸை எடுத்துப் பார்த்தேன். ஜெர்சியின் ஒரு கண்ணிக்குள், கடுகைவிடச் சின்னதாய், வெள்ளைப் புள்ளி ஒன்று சிக்கியிருந்தது. வெள்ளைத் துணியில் வெள்ளைப் புள்ளி. கண்மணியின் மேல் ஒளி விழுவதைக் காட்ட ஓவியர் கடைசியாகத் தொட்டுவைக்கிற பொட்டு அது. பார்வை அதில்தான் இருக்கிறது. நான் தேடியதே இல்லை. அவள் சொல்லாமல் துணியை மடித்துக் கொண்டுபோயிருந்தால் எனக்கு ஆயுசுக்கும் தெரிந்திருக்காது.

"இதையும் எடுத்துக்கிடுங்க" என்றாள்.

ஊசி முனையில் அதை எடுத்தேன், பசை தொட்டு, பொட்டு விட்டுப்போயிருந்த இடது கண்ணில் வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். மாதா நேராக எங்களைப் பார்த்தாள். தங்கமணி பட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டார்.

ஸ்டெல்லா படத்தை வெகுநேரம் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள். வருகிறவர்களுக்கு இனி ஒன்றும் தெரியப்போவதில்லை என்று எனக்குத் தோன்றிய அதே நேரத்தில் அவள் பேசினாள்.

"கமிட்டிக்காரவிய வந்ததும் நடந்ததை நாமளே சொல்லிருவோம். நீங்க ஒத்தையில சொல்ல வேண்டாம். நான் கூட நிக்கேன்."

சொன்னார்கள். சத்தம் வந்தது, பேச்சும் வந்தது, ஒரு பெரியவர் கோபத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். ஆனால் படத்தை வண்டியில் ஏற்றும்போது ஒரு பக்கம் சவரிமுத்துவைத்தான் பிடிக்கச் சொன்னார்கள். அடுத்த திங்கட்கிழமை அவர் அயர்ன் பாக்ஸை எடுத்தார் என்று தங்கமணி போன் செய்தார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது இது ஒன்றுதான். சேதமான படத்தைப் பார்த்ததும் பசையையும் பிரஷ்ஷையும் எடுக்காதீர்கள். போன துண்டு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அவரிடம் போய் உட்காருங்கள். பாடம் எடுக்காதீர்கள். அவர் எதை இழந்து அதைத் தரப்போகிறார் என்று தெரிந்துகொண்ட பிறகு கையை நீட்டுங்கள்.